யூஎஃப் சவ்வு வைத்த தொடர் ஓட்டத்தில் ஜிஓஎஸ் குறைகிறது: கோளாறு சவ்விலா, நொதியிலா?

ஆய்வுக்கூட_எறும்பு

வணக்கம். பாலிடெக்னிக் இறுதியாண்டுத் திட்டத்துக்காக பால் சர்க்கரையான லாக்டோஸிலிருந்து காலக்டோ ஒலிகோசாக்கரைடு என்னும் குறுஞ்சங்கிலிச் சர்க்கரை (கீழே ஜிஓஎஸ் என்றே எழுதுகிறேன்) எடுக்கிறோம். நொதியை ஒவ்வொரு முறையும் வீசாமல் திரும்பப் பயன்படுத்துவதுதான் நோக்கம்.

அமைப்பு இது. வெந்நீர் உறை போட்ட 5 லிட்டர் தொட்டி, 50 டிகிரி, சிட்ரேட் பஃபரில் பிஎச் 4.5. லிட்டருக்கு 300 கிராம் லாக்டோஸ். நொதி, ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையின் பீட்டா காலக்டோசிடேஸ், உணவுத்தரத் தூள். சவ்வு, யூஎஃப் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) வகை, 10 கிலோடால்டன் (அதைவிடப் பெரிய மூலக்கூறுகளை நிறுத்துவது) பாலிஈதர்சல்ஃபோன் தட்டைக் கேசட், பரப்பு 0.1 சதுர மீட்டர். சுற்றோட்ட பம்ப் நிமிடத்துக்கு 150 மில்லி. பெர்மியேட் (சவ்வைக் கடந்து வரும் திரவம்) வெளியேற வெளியேற, மட்ட உணரி புதிய லாக்டோஸ் கரைசலை உள்ளே விடும்.

சவ்வு இல்லாமல் தொட்டியில் மட்டும் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் மொத்தச் சர்க்கரையில் 27 விழுக்காடு ஜிஓஎஸ் வருகிறது. சவ்வு வைத்துத் தொடர்ந்து ஓட்டினால் முதலில் 18, பிறகு 13 வரை இறங்குகிறது. ஃப்ளக்ஸும் (சவ்வு வழியே திரவம் வடியும் வேகம்) ஆறு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு மணிக்கு 20 லிட்டரிலிருந்து 8-க்கு வந்துவிடுகிறது. அழுத்தத்தை 0.8 பாரிலிருந்து 2.5 பாருக்கு ஏற்றியும் பலன் இல்லை.

சவ்வு ஜிஓஎஸ்ஸைப் பிடித்து வைக்கிறதா? 30 கிலோடால்டனுக்கு மாறலாமா? குளுக்கோஸ், காலக்டோஸ் இரண்டையும் பிறகு என்எஃப் (நானோஃபில்ட்ரேஷன், இன்னும் சிறிய துளைச் சவ்வு) வைத்து அகற்ற நினைக்கிறோம், அது நடக்குமா? கடைசியில் வகுப்பில் ஒரு சின்ன சுவைச் சோதனையும் வைக்க எண்ணம்.

சவ்வு_வடிகட்டி

தங்கச்சி, 10 கிலோடால்டன் சவ்வு ஜிஓஎஸ்ஸைப் பிடிக்காது. லாக்டோஸ் 342 டால்டன், மூன்று அலகு ஜிஓஎஸ் 504, நான்கு அலகு 666. சவ்வின் துளைக்கு எல்லாமே பொடிதான். தொட்டியில் ஒரு மாதிரி, பெர்மியேட்டில் ஒரு மாதிரி எடுத்துப் பார். இரண்டிலும் சர்க்கரை விகிதம் ஒன்றாகவே இருக்கும். நொதி ஏறக்குறைய 100 கிலோடால்டன், அது உள்ளேயே நிற்கும். 30-க்கு மாறினாலும் இந்தச் சிக்கல் அப்படியேதான் இருக்கும்.

பலரும் இடறும் இடம் இது: "சவ்வு விளைபொருளை வெளியேற்றுகிறது, அதனால் விளைச்சல் கூடும்" என்ற எண்ணம். யூஎஃப் விளைபொருளைத் தனியாகப் பிரித்து வெளியேற்றுவதில்லை. தொட்டியில் இருக்கும் கலவையை அதே விகிதத்தில் வெளியே விடுகிறது, அவ்வளவுதான். காலக்டோஸ் இந்த நொதியைத் தடுக்கும் என்பது உண்மை, ஆனால் யூஎஃப் காலக்டோஸை மட்டும் எடுத்துவிடாது.

உன் 18 விழுக்காட்டுக்குக் காரணம் தொட்டி கலங்கும் விதம். ஜிஓஎஸ் இடைநிலைப் பொருள். லாக்டோஸிலிருந்து உருவாகிறது, பிறகு அதே நொதி அதை உடைத்து குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் ஆக்குகிறது. லாக்டோஸ் அடர்த்தியாக இருக்கும் வரை நொதியின் பிடியில் இருக்கும் காலக்டோஸ் அலகு இன்னொரு சர்க்கரையோடு சேர்கிறது. லாக்டோஸ் குறைந்தால் தண்ணீரோடு சேர்கிறது. மூடிய தொட்டியில் தொடக்கத்தில் லாக்டோஸ் 300 கிராம், அந்த நல்ல காலம் முழுவதும் நொதிக்குக் கிடைக்கிறது. தொடர் ஓட்டத்திலோ உள்ளே விழும் புதிய லாக்டோஸ் அடுத்த நொடியே பழைய கலவையில் கரைந்துவிடும். நொதி எப்போதும் பார்ப்பது வெளியேறும் கலவையின் தரத்தைத்தான், அதாவது லாக்டோஸ் குறைந்து காலக்டோஸ் கூடிய நிலையை.

கணக்காகவே பார்க்கலாம். உருவாகும் படி, உடையும் படி இரண்டும் சம வேகம் என்று வைத்துக்கொள். மூடிய தொட்டியில் இடைநிலைப் பொருள் எட்டும் உச்சம் 0.368. ஒரே கலங்கு தொட்டியில் தொடர்ந்து ஓட்டினால் 0.25. இரண்டு தொட்டி வரிசையாக வைத்தால் 0.296, மூன்று வைத்தால் 0.316. உன் நொதியின் வினை இவ்வளவு எளியது அல்ல. ஆனாலும் 0.25-ஐ 0.368-ஆல் வகுத்தால் 0.68, 27-ஐ அதால் பெருக்கினால் 18.4. நீ பார்த்த எண் அதுதான்.

இனி 13. 5 லிட்டர் தொட்டி, மணிக்கு 2 லிட்டர் பெர்மியேட் என்றால் கலவை உள்ளே தங்கும் நேரம் இரண்டரை மணி. ஃப்ளக்ஸ் 8-க்கு இறங்கினால் பெர்மியேட் மணிக்கு 0.8 லிட்டர், தங்கும் நேரம் ஆறே கால் மணி. மட்ட உணரி வெளியேறும் அளவுக்கு மட்டுமே உள்ளே விடுவதால், சவ்வு அடைபடும்போதெல்லாம் உன் வினை நேரமும் நீள்கிறது. உருவான ஜிஓஎஸ் உடைந்துகொண்டே இருக்கிறது. நீ இரண்டு சிக்கல் என்று எழுதியிருக்கிறாய். ஃப்ளக்ஸ் இறங்கியதும் 18 விழுக்காடு 13 ஆனதும் ஒன்றேதான்.

என் யோசனை: தொடர் ஓட்டத்தை விட்டுவிட்டு, மூடிய தொட்டியில் வினையை முடி. சவ்வை அதற்குப் பிறகு, நொதியை மீட்க மட்டும் பயன்படுத்து. மீதமுள்ள நொதிக் கரைசலில் புதிய லாக்டோஸ் ஊற்றி அடுத்த தொகுதி. தொடர் ஓட்டம்தான் வேண்டும் என்று ஆசிரியர் சொன்னால், 5 லிட்டர் கொள்ளும் நீளமான குழாய்ச் சுருளில் வினை நடக்கட்டும். சவ்வு அதன் கடைசியில் வரட்டும். அடர்ந்த நொதி மட்டும் முன்முனைக்குத் திரும்பட்டும்.

துவாஸ்_குழாய்

மேலே சொன்னது சரி. ஃப்ளக்ஸ் ஏன் இறங்குகிறது என்பதை நான் பார்க்கிறேன்.

முதலில் சுற்றோட்டம். 0.1 சதுர மீட்டர் கேசட்டுக்கு நிமிடத்துக்கு 150 மில்லி மிகக் குறைவு. இவ்வகைக் கேசட்டுக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 4 முதல் 8 லிட்டர் வரை வேண்டும். உங்களுடையதற்கு 400 முதல் 800 மில்லி. மேற்பரப்பை உரசிக் கழுவும் வேகம் இல்லையென்றால் நொதி சவ்வின் முகத்தில் குவிந்து படலமாகிவிடும். படலம் உருவான பிறகு அழுத்தத்தை ஏற்றினால் அது இன்னும் இறுகும், ஃப்ளக்ஸ் கூடாது. 2.5 பாரில் நீங்கள் பார்த்தது இதுதான். கேசட்டைக் கழுவி, அழுத்தத்தை 0.5 முதல் 1 பாருக்குள் வைத்து, சுற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, பெர்மியேட் பக்கம் ஒரு சின்னப் பெரிஸ்டால்டிக் பம்ப் வையுங்கள். ஃப்ளக்ஸை நீங்கள் நிர்ணயிக்க வேண்டும், படலம் நிர்ணயிக்கக் கூடாது. சதுர மீட்டருக்கு மணிக்கு 12 லிட்டரில் தொடங்குங்கள். அழுத்தம் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால் 15, பிறகு 18. எந்தப் படியில் அழுத்தம் நிற்காமல் ஏறத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய படியில் ஓட்டுங்கள்.

மூன்றாவது, பிஎச். இந்த நொதியின் சமமின் புள்ளி (மொத்த மின்னேற்றம் சுழியாகும் பிஎச்) ஏறத்தாழ 4.6. நீங்கள் ஓட்டுவது 4.5-இல். மின்னேற்றம் ஏறக்குறைய இல்லாத புரதம் ஒன்றோடொன்று ஒட்டும், பாலிஈதர்சல்ஃபோனிலும் ஒட்டும். பிஎச் 5.0 முதல் 5.3 வரை ஏற்றிப் பாருங்கள், நொதி அங்கேயும் வேலை செய்யும். கேசட் புதிதாக வாங்க வாய்ப்பு இருந்தால் மீளாக்க செல்லுலோஸ் சவ்வு வாங்குங்கள், அதில் புரதம் ஒட்டுவது மிகவும் குறைவு. ஆனால் அதைச் சூடான காரத்தில் கழுவக் கூடாது, கவனம்.

நான்காவது, தண்ணீரோடு ஒப்பிட்டுப் பதற்றப்பட வேண்டாம். 50 டிகிரியில் 300 கிராம் சர்க்கரைக் கரைசல் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாகுத்தன்மை உடையது. சவ்வு சுத்தமாக இருந்தாலும் ஃப்ளக்ஸ் அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். அதற்கு மேல் குறைந்தால்தான் அடைப்பு.

சுத்தம் செய்யும் முறை: முதலில் வெதுவெதுப்பான அயனி நீக்கிய நீரால் சர்க்கரை முழுவதும் போகும் வரை அலசுங்கள். இதைத் தாண்டி நேராகக் காரம் விட்டால் மிச்சச் சர்க்கரை காரத்தில் பழுப்பாகிப் புதுக் கறையை உண்டாக்கும். பிறகு லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 40 முதல் 45 டிகிரி, 30 முதல் 60 நிமிடம். பாலிஈதர்சல்ஃபோன் என்றால் இதோடு 200 பிபிஎம் ஹைப்போகுளோரைட் சேர்க்கலாம். மறுபடி அலசல். புதுக் கேசட்டில் எடுத்த நீர் ஃப்ளக்ஸில், அதே வெப்பம், அதே அழுத்தத்தில், 80 விழுக்காட்டுக்கும் மேல் திரும்பியிருக்க வேண்டும். அந்த முதல் எண்ணை எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த கேசட்டில் முதல் வேலை அதுதான்.

ரிடென்டேட், அதாவது சவ்வைக் கடக்காத திரவம், திரும்பும் குழாயின் முனை திரவ மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் நுரை வரும், நுரையில் நொதி செத்துப்போகும்.

ஆய்வுக்கூட_எறும்பு

அண்ணே இருவருக்கும் நன்றி. தொட்டி, பெர்மியேட் மாதிரிகளை எச்பிஎல்சியில் (கலவையிலுள்ள சர்க்கரைகளைப் பிரித்து அளக்கும் கருவி) போட்டோம். பெர்மியேட்டில் ஜிஓஎஸ் 18, தொட்டி மாதிரியில் 15. ஒன்றாக இருக்கும் என்றீர்களே? மாதிரிகள் ஆட்டோசாம்ப்ளரில் இரவு முழுவதும் இருந்தன. வரைபடத்தில் நான்கு அலகுக்கு மேல் ஒரு பெரிய மேடும் தெரிகிறது, தொடக்க நேரத்திலேயே இருக்கிறது.

தொகுதி முறைக்கு மாறினால் 4 லிட்டரை வடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் வினை நிற்காதே?

நொதி_நேயம்

மாதிரி எடுத்தவுடன் நொதியைக் கொல்ல வேண்டும்மா. கொதிநீரில் 10 நிமிடம் வை, ஆறவிட்டு, நீர்த்து, வடிகட்டிப் பிறகு குப்பியில் போடு. பெர்மியேட்டில் நொதி இல்லை, அதனால் அது இரவு முழுவதும் மாறாமல் இருந்தது. தொட்டி மாதிரியில் நொதி இருந்தது, குப்பிக்குள்ளேயே ஜிஓஎஸ்ஸை உடைத்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று விழுக்காடு போன இடம் அதுதான். இதையே நல்ல சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: பெர்மியேட்டைக் கொதிக்க வைக்காமல் 50 டிகிரியில் நான்கு மணி நேரம் விட்டுப் பார். குளுக்கோஸ் ஏறினால் சவ்வில் அல்லது ஓரத்து அடைப்பானில் ஓட்டை இருக்கிறது.

அந்த மேடு, தூளில் கலந்திருக்கும் டெக்ஸ்ட்ரினாக (மாவுச்சத்தை உடைத்துக் கிடைக்கும் சங்கிலிகள்) இருக்கலாம். உணவுத்தர நொதித் தூள்களில் நிரப்பியாக அதைச் சேர்ப்பது வழக்கம். தூளை மட்டும் பஃபரில் கரைத்து ஊசி போட்டுப் பார், மேடு அங்கேயும் வந்தால் உறுதி. தீர்வும் உன் கையிலேயே இருக்கிறது: நொதியைக் குளிர்ந்த பஃபரில் கரைத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, அதே 10 கிலோடால்டன் சவ்வில் ஐந்து மடங்கு பஃபரால் அலசிவிட்டு வினைக்குப் போடு. டெக்ஸ்ட்ரினில் சிறியவை போய்விடும். கரையாத துகள் போவதால் சவ்வு அடைபடுவதும் குறையும். இந்த அலசலைச் சூட்டில் செய்யாதே. சர்க்கரை இருக்கும்போது 50 டிகிரியைத் தாங்கும் நொதி வெறும் பஃபரில் அந்த அளவுக்குத் தாங்காது.

இன்னொன்று. எந்த எச்பிஎல்சி கம்பம் (கருவிக்குள் சர்க்கரைகளைப் பிரிக்கும் குழாய்)? கால்சியம் அல்லது வெள்ளி அயனிக் கம்பம் என்றால் இரண்டு அலகு ஜிஓஎஸ் லாக்டோஸோடு சேர்ந்தே வரும். அலோலாக்டோஸ் போன்றவையும் 342 டால்டன்தான். அவை எல்லாம் உன் கணக்கில் "மீதமுள்ள லாக்டோஸ்" ஆகிவிடுகின்றன. உண்மையான ஜிஓஎஸ் நீ சொல்வதைவிடக் கூடுதல். அறிக்கையில் "மூன்று அலகும் அதற்கு மேலும்" என்று தெளிவாக எழுது. மொத்த ஜிஓஎஸ் வேண்டுமென்றால் ஏஓஏசி (பகுப்பாய்வு முறைகளை வெளியிடும் அமைப்பு) 2001.02 முறை இருக்கிறது.

நொதியின் செயல்திறனைத் தொகுதிதோறும் அள. ஓஎன்பிஜி (நொதி உடைத்தால் மஞ்சள் நிறம் தரும் பொருள்) சோதனை போதும். பிஎச் 4.5-இல் மஞ்சள் நிறம் தெரியாது, சோடியம் கார்பனேட் ஊற்றி நிறுத்திய பிறகுதான் 420 நானோமீட்டரில் படிக்க வேண்டும். மாதிரியை நூறு மடங்காவது நீர்த்துக்கொள். இல்லாவிட்டால் அதில் இருக்கும் காலக்டோஸே நொதியைத் தடுத்து, நொதி செத்துவிட்டதாகக் காட்டும்.

சவ்வு_வடிகட்டி

வடிக்கும் நேரத்தில் வினை தொடர்வது பற்றி: நல்ல கேள்வி, தொகுதி முறை தோற்பதே பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குளிர்வித்து நிறுத்தலாமே என்று தோன்றும். குளிர்வித்தால் பாகுத்தன்மை ஏறும், லாக்டோஸ் படிகமாகிச் சவ்வைக் கீறும். வேண்டாம்.

நொதியைக் கால் பங்காகக் குறை. ஜிஓஎஸ் எட்டும் உச்சம் நொதியின் அளவைப் பெரிதும் சார்ந்ததல்ல, எப்போது எட்டும் என்பதுதான் மாறும். நொதி கால் பங்கு என்றால் உச்சம் இரண்டு மணிக்குப் பதில் சுமார் எட்டு மணியில் வரும். ஆறரை அல்லது ஏழாம் மணியில் வடிக்கத் தொடங்கு. இரண்டு மணி நேர வடிகட்டல் அப்போது உச்சத்தின் இருபுறமும் பரவிக்கிடக்கும். உச்சத்தைச் சுற்றி வளைகோடு தட்டையாக இருப்பதால் இழப்பு சிறிது. மாறாக, இரண்டு மணி வினையை அதே வேகத்தில் வைத்துக்கொண்டு 4 லிட்டரை 20 நிமிடத்தில் வடிக்க நினைத்தால் 0.6 சதுர மீட்டர் சவ்வு வேண்டும்.

கடைசி 1 லிட்டரில் நொதி ஐந்து மடங்கு அடர்ந்திருக்கும். அங்கே வினை வேகமாக ஓடி, ஜிஓஎஸ் உடைந்து காலக்டோஸ் மிகுந்திருக்கும். அதைக் காத்திருக்க விடாதே. வடிகட்டல் முடிவதற்கு முன்பே 4 லிட்டர் புதிய லாக்டோஸ் 50 டிகிரியில் தயாராக நிற்கட்டும், உடனே ஊற்று. அடுத்த தொகுதியின் ஐந்தில் ஒரு பங்கு பழைய சர்க்கரை என்பதால் உச்சம் கொஞ்சம் முன்னதாகவே வரும், கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கும். இரண்டாம், மூன்றாம் தொகுதிகளில் ஒவ்வொரு மணிக்கும் மாதிரி எடுத்துப் புது உச்சத்தைக் கண்டுபிடி. முதல் தொகுதியின் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்காதே.

லாக்டோஸ் கரைக்கும்போது இரண்டு விஷயம். உன்னிடம் இருப்பது ஆல்ஃபா லாக்டோஸ் மோனோஹைட்ரேட் என்றால் அதில் 5 விழுக்காடு தண்ணீர். லிட்டருக்கு 300 கிராம் லாக்டோஸ் வேண்டுமானால் 316 கிராம் நிறுக்க வேண்டும். அடுத்தது கரைதிறன். உன் கரைசலில் 100 கிராம் தண்ணீருக்குச் சுமார் 37 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. 50 டிகிரியில் 43 கிராமுக்கு மேல் கரையும், 40 டிகிரியில் 33-ஐத் தாண்டாது, 25 டிகிரியில் சுமார் 20 தான். நம் ஆய்வுக்கூடங்களில் ஏர்கான் 22, 23 டிகிரிக்கு ஓடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கிடக்கும் ஒரு மீட்டர் சிலிக்கோன் குழாயில் கரைசல் நின்றுவிட்டால் காலையில் வெள்ளைப் படிகம்தான் இருக்கும். உள்வரும் குழாய்க்குக் காப்புறை போடு. பம்பை நிறுத்தும் முன் வெந்நீரால் குழாயை அலசு. கரைக்கும்போது 70 டிகிரி வரை சூடாக்கி, முழுவதும் தெளிந்த பிறகு 50-க்கு இறக்கு.

துவாஸ்_குழாய்

என்எஃப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, சொல்கிறேன்.

நடக்கும், ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரலகுச் சர்க்கரை (குளுக்கோஸ், காலக்டோஸ்) 180 டால்டன், மூன்று அலகு 504. இந்த இடைவெளியில் பிரிக்கலாம். லாக்டோஸ் நடுவில் 342-இல் உட்கார்ந்திருக்கிறது, அது பாதி போகும் பாதி நிற்கும். நீரை மென்மையாக்கப் பயன்படும் இறுக்கமான என்எஃப் சவ்வை வாங்கிவிடாதீர்கள். நீர்த்த கரைசலில் அது குளுக்கோஸையே பெருமளவு நிறுத்தும். கொஞ்சம் தளர்ந்த, 500 டால்டன் அளவுச் சவ்வு வேண்டும். சவ்வின் குறிப்பேட்டில் மெக்னீசியம் சல்ஃபேட்டுக்கு இருக்கும் எண்ணை நம்பிச் சர்க்கரையைக் கணிக்க முடியாது. உங்கள் கரைசலிலேயே அளந்து பாருங்கள்.

கன அளவு மாறாமல் தண்ணீர் விட்டு அலசும்போது மிச்சம் இருக்கும் பங்கைக் கணக்கிடுவது எளிது: (1 கழித்தல் தடுப்பு விகிதம்) பெருக்கல் அலசல் மடங்கு, அதை எதிர்க்குறியோடு e (2.718) என்ற எண்ணின் அடுக்காக வைத்தால் வருவது. எடுத்துக்காட்டுக்கு உங்கள் சவ்வு ஓரலகை 30, லாக்டோஸை 85, ஜிஓஎஸ்ஸை 97 விழுக்காடு தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மடங்கு நீர் விட்டால் ஓரலகில் 6 விழுக்காடு மிஞ்சும், லாக்டோஸில் 55, ஜிஓஎஸ்ஸில் 89. தொடக்கக் கலவை ஜிஓஎஸ் 27, ஓரலகு 28, லாக்டோஸ் 45 என்றால் முடிவில் ஜிஓஎஸ் சுமார் 47 விழுக்காட்டுக்கு வரும். ஆனால் ஜிஓஎஸ்ஸில் 11 விழுக்காடு சாக்கடைக்குப் போயிருக்கும். 97 என்பது மிக நல்ல தடுப்பு போலத் தெரிகிறது, நான்கு மடங்கு அலசலில் அது இவ்வளவு தின்கிறது. அதனால் ஓரலகு 5 விழுக்காட்டுக்குக் கீழ் போக வேண்டும் என்று அலசிக்கொண்டே இருக்காதீர்கள்.

300 கிராம் கரைசலை அப்படியே என்எஃப்பில் விடாதீர்கள். சவ்வூடுபரவல் அழுத்தமே 40 டிகிரியில் சுமார் 26 பார் வரும், 20 பார் பம்பில் சொட்டு சொட்டாகத்தான் வடியும். ஃப்ளக்ஸ் குறைந்தால் தடுப்பும் குறைந்து ஜிஓஎஸ் ஒழுகும். பாதியாக நீர்த்து 150 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். பாலிஅமைடு சவ்வுகள் பலவற்றுக்கு 45 டிகிரிதான் உச்சவரம்பு, 50-இல் இருக்கும் பெர்மியேட்டை நேராக விடக் கூடாது. அலசும் தண்ணீர் குழாய்நீராக இருக்கக் கூடாது. கிருமிநீக்கத்துக்காக அதில் இருக்கும் குளோரமீன் பாலிஅமைடை மெல்லக் கெடுக்கும். யூஎஃப் கேசட்டுக்குச் சொன்ன ஹைப்போகுளோரைட்டை என்எஃப் பக்கம் கொண்டே போகாதீர்கள்.

வடிந்து போகும் நீரும் ஒரு பெரிய விஷயம். 10 லிட்டர் கலவைக்கு 40 லிட்டர் என்எஃப் பெர்மியேட் வரும், மேலே சொன்ன கணக்கில் லிட்டருக்கு 18 கிராமுக்கு மேல் சர்க்கரையோடு. அதன் சிஓடி (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்) லிட்டருக்குச் சுமார் 20,000 மில்லிகிராம். தொழிற்கழிவு நீரைப் பொதுச் சாக்கடையில் விடச் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் வைத்திருக்கும் வரம்பு சிஓடி 600, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜன்) 400. முப்பது மடங்குக்கும் மேல். ஆய்வுக்கூடத் தொட்டியில் ஊற்றிவிடலாம் என்று முடிவு செய்யாதீர்கள், கழிவைப் பார்க்கும் அலுவலரிடம் முதலிலேயே கேளுங்கள். ஆலை அளவுக்கு யோசிக்கிறவர்கள் இந்தக் கழிவைச் செலவுக் கணக்கின் முதல் வரியில் போட வேண்டும். ரொட்டி ஈஸ்ட்டை விட்டு ஓரலகுகளைத் தின்ன வைப்பதும் ஒரு வழி. அது குளுக்கோஸை வேகமாகவும் காலக்டோஸை மெதுவாகவும் தின்னும். லாக்டோஸையும் ஜிஓஎஸ்ஸையும் தொடாது.

நொதி_நேயம்

சுவைச் சோதனை வேண்டாம். இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. பசும்பால் ஒத்துக்கொள்பவர்களே ஜிஓஎஸ் சேர்த்த பால்மாவு குடித்துக் கடும் ஒவ்வாமைக்கு உள்ளான நிகழ்வுகள் சிங்கப்பூரில் உண்டு. இங்குள்ள மருத்துவர்கள் 2012-இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். காரணம் பால் புரத மிச்சம் அல்ல, ஜிஓஎஸ்ஸேதான். மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் நம்மிடையே அதிகம். "இயற்கைச் சர்க்கரைதானே" என்று வகுப்பில் யாருக்கும் கொடுக்காதே. தூள் பறக்கும் இடத்தில் நீயும் முகக்கவசம் போடு, நொதித் தூளை மூச்சில் இழுப்பதும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

வேறு நொதிக்கு மாறலாமா என்று யோசித்தால்: பேசில்லஸ் சர்குலன்ஸ் நொதி பிஎச் 6 அருகே, 50 முதல் 60 டிகிரியில் ஓடும், ஜிஓஎஸ் 40 விழுக்காடு வரை போகும். குளூய்வரோமைசிஸ் ஈஸ்ட்டின் நொதி 40 டிகிரிக்கு மேல் தாங்காது. அங்கே 300 கிராம் லாக்டோஸ் முழுவதும் கரைந்து நிற்காது. அதற்கு மெக்னீசியமும் பொட்டாசியமும் வேண்டும். சவ்வு நொதியைப் பிடிக்கும், மெக்னீசியத்தைப் பிடிக்காது. புதிய கரைசலில் 1 முதல் 2 மில்லிமோலார் மெக்னீசியம் சேர்க்காவிட்டால் இரண்டு தொகுதியில் செயல்திறன் சரிந்து, நொதி செத்துவிட்டது என்று தவறாக முடிவு செய்வாய். பிஎச் திருத்தப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்து, சோடியம் அதற்கு ஆகாது. லாக்டோஸுக்குப் பதில் மோர்நீர்த் தூள் பயன்படுத்தினால் கால்சியமும் அந்த நொதியைத் தடுக்கும். பிஎச் 6.5-இல் சூடாக்கும்போது கால்சியம் பாஸ்பேட் சவ்வில் படியும், அதைக் காரம் கரைக்காது, சிட்ரிக் அமிலத்தால்தான் கழுவ வேண்டும்.

பாலமுது_வேதி

தலைப்புக்கு ஒட்டிய ஒன்று. சவ்வோடு தொடர் ஓட்டம் எப்போதும் தவறு என்று இந்த இழையைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். தாய்ப்பாலில் உள்ள 3'-சியாலிலாக்டோஸை நொதியால் செய்யும்போது நிலைமை தலைகீழ்.

அங்கே சியாலிக் அமிலத்தைக் கொடுப்பது கேசினோகிளைகோமேக்ரோபெப்டைடு, பாலாடைக்கட்டி செய்யும்போது மோர்நீரோடு வருவது. டிரான்ஸ்சியாலிடேஸ் நொதி அதிலிருந்து சியாலிக் அமிலத்தை எடுத்து லாக்டோஸின் மேல் வைக்கிறது. பெப்டைடு தனித்தனியே ஏறத்தாழ 7 கிலோடால்டன்தான், ஆனால் நடுநிலை பிஎச்சில் கூட்டமாகி அதைவிடப் பெரிதாக நடந்துகொள்கிறது. எனவே பொருத்தமான யூஎஃப் சவ்வு நொதியையும் பெப்டைடையும் சேர்த்தே தொட்டியில் நிறுத்தும். 633 டால்டன் சியாலிலாக்டோஸும் லாக்டோஸும் வெளியேறும். அதாவது விலை உயர்ந்த மூலப்பொருள் உள்ளே, விளைபொருள் வெளியே. விளைபொருள் தொட்டியிலேயே கிடந்தால் அதே நொதி அதை மெல்ல உடைக்கும். இங்கே தொடர்ந்து வெளியேற்றுவதுதான் சரி. லாக்டோஸ் எப்படியும் மிகையாகவே ஊற்றப்படுவதால் கலங்கு தொட்டியின் நீர்த்தல் பெரிய தீங்கு செய்யாது.

அடுத்த படியில் என்எஃப்பும் நன்றாகவே உதவும். சியாலிக் அமிலம் பிஎச் 6 அல்லது 7-இல் எதிர்மின் ஏற்றத்தோடு இருக்கும், சவ்வின் முகமும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும், சியாலிலாக்டோஸ் நிற்கும். மின்னேற்றம் இல்லாத லாக்டோஸ் தளர்ந்த சவ்வில் கடந்துபோகும், அதைத் தொட்டிக்கே திருப்பி விடலாம். பஃபரில் உப்பைக் குறைவாக வையுங்கள். உப்பு கூடினால் இந்தத் தள்ளல் மங்கிவிடும்.

எனவே சவ்வை வாங்கும் முன் கேட்க வேண்டியது: என் தொட்டியில் இருப்பவற்றில் எதை அது நிறுத்துகிறது, எதை விடுகிறது, வெளியே விட்டதைவிட உள்ளே நிறுத்தியது வினைக்கு நல்லதா? ஜிஓஎஸ்ஸில் யூஎஃப் நிறுத்துவது நொதியை மட்டும். இங்கே மூலப்பொருளையும் சேர்த்து நிறுத்துகிறது.

ஆய்வுக்கூட_எறும்பு

அக்கா, அண்ணே, எல்லோருக்கும் நன்றி. நொதி கால் பங்கு, பிஎச் 5.2, சுற்றோட்டம் 500 மில்லி, பெர்மியேட் பம்ப், கொதிக்க வைத்த மாதிரிகள் என்று மாற்றி மூன்று தொகுதி ஓட்டப் போகிறோம். சுவைச் சோதனையை நீக்கிவிட்டோம். ஒரே ஒரு கேள்வி: வெள்ளி மாலை முதல் திங்கள் வரை ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கும். நொதியோடு தொட்டியையும் கேசட்டையும் எப்படி விட்டுவைப்பது?

துவாஸ்_குழாய்

50 டிகிரியில் விடாதீர்கள், நொதி வீணாகும். கடைசித் தொகுதியை வடித்த பிறகு மிஞ்சும் 1 லிட்டரைக் குளிர்ந்த பஃபரால் மூன்று மடங்கு அலசிச் சர்க்கரையை இறக்குங்கள். இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் லாக்டோஸ் படிகமாகும். நொதிக் கரைசலைச் சுத்தமான புட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். கேசட்டை மேலே சொன்னபடி கழுவி, பாலிஈதர்சல்ஃபோன் என்பதால் லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு நிரப்பி, இரு முனையையும் மூடி, அறை வெப்பத்தில் வையுங்கள். காயவிடக் கூடாது. திங்கள் காலை கழுவிய நீரின் பிஎச் நடுநிலைக்கு வந்த பிறகு நீர் ஃப்ளக்ஸ் எடுங்கள், ஓஎன்பிஜி போட்டு நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். குறைந்த அளவுக்கு மட்டும் புதிய நொதி சேர்த்தால் போதும்.